பிரசவத்திற்குப் பின் பெருகும் உதிரம்

குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் தாயின் உடலிலிருந்து 500 மில்லி லிட்டரோ அதற்கு மேலோ இரத்தம் வெளியேறுவதையே பேறுகாலப் பின் இரத்தப்போக்கு என்று மருத்துவர்கள் பொதுவாக வரையறுத்து வந்துள்ளனர். உலகெங்கும் ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கான தாய்மார்கள் இதனால் இறக்கிறார்கள் என்பதும், அம்மரணங்களில் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை என்பதும் சேர்ந்தே வேதனை தருபவை.

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்திற்கு 500 மில்லி லிட்டருக்கும் கூடுதலான இரத்தம் பாய்கிறது; குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி பிரிந்ததும், அது ஒட்டியிருந்த இடத்தின் இரத்தக் குழாய்கள் வாய் திறந்து நிற்கின்றன. அவற்றை முதலில் அடைப்பது இரத்தம் உறைவதன்று, கருப்பையின் தசையே. குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும் தசைநார்கள் இறுகச் சுருங்கும்போது, இடையே செல்லும் குழாய்கள் நெரிபட்டு மூடிக்கொள்கின்றன. இத்தசை சுருங்காமல் தளர்ந்து போவதே பத்தில் ஏழு பேருக்குக் காரணமாகிறது. இரட்டைக் குழந்தைகளாலோ பனிக்குட நீர் மிகுந்தோ அளவுக்கு மீறி விரிந்த கருப்பையும், நெடுநேரப் பிரசவ வலியில் களைத்த கருப்பையும் எளிதில் தளரும். சிறுநீர்ப்பை நிறைந்திருப்பதுகூட அது சுருங்குவதைத் தடுக்கும்.

நஞ்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்கினாலும் கருப்பை முழுமையாகச் சுருங்காது. முன்பு சிசேரியன் செய்துகொண்டவர்களுக்கு அக்கொடி பழைய தழும்பில் ஆழ ஊன்றிப் பிரிய மறுப்பதும் உண்டு. கருப்பை கல்லைப்போல் இறுகியிருந்தும் இரத்தம் நிற்கவில்லையெனில் பிறப்புப் பாதையில் கிழிசல் இருக்கிறதா என்று தேட வேண்டும். அரிதாக இரத்தத்தின் உறையும் தன்மையே கெட்டுவிடுவதும் காரணமாகும்.

இந்த ஆபத்துக் காரணிகள் எவையும் இல்லாத பெண்ணுக்கும் இரத்தப்போக்கு நேரலாம் என்பதால்தான், குழந்தை பிறந்தவுடன் கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்ஸிடோசின் ஊசியைத் தாய்மார் அனைவருக்கும் போடுமாறு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இரத்த இழப்பைக் கண்ணளவில் மதிப்பிட்டால் பெரும்பாலும் குறைத்தே கணக்கிட நேர்கிறது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், அளவுக் குறியிட்ட விரிப்பில் இரத்தத்தை அளந்து, தேவையான சிகிச்சைகளை ஒருசேரத் தொடங்கியபோது கடும் விளைவுகள் 60 விழுக்காடு குறைந்தன.

வீடு திரும்பிச் சில வாரங்கள் கழித்தும் இரத்தப்போக்கு பெருகக்கூடும். ஒரு மணி நேரத்திற்குள் ஒரு நாப்கின் முழுதும் நனைந்தாலோ, மயக்கமோ படபடப்போ தோன்றினாலோ, கெட்ட இரத்தம் போகட்டும் என்று காத்திராமல் தாயை உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.