திறந்த வானொலி வலையமைப்பும் அறிவுடைக் கட்டுப்பாடும்

கையடக்கத் தொலைபேசியிற் பேசுவோர் குரல் முதலிற் சென்றடைவது அண்மையிலுள்ள கோபுரத்தையேயாம். அக்கோபுரத்தின் அலைவாங்கிகளும் அவற்றை இயக்குங் கருவிகளும் ஒருங்கே வானொலி அணுகு வலையமைப்பு எனப்படும். தொலைபேசி நிறுவனமொன்று வலையமைப்புக்கெனச் செலவிடும் பொருளிற் பெரும்பகுதி இதற்கே செல்கின்றது.

நெடுங்காலமாக ஒரு கோபுரத்துக்கு வேண்டிய கருவிகள் பெரும்பாலும் ஓர் உற்பத்தியாளரிடமே பெறப்பட்டன. ஒரு தச்சன் அமைத்த நிலைக்கு மற்றொருவன் இழைத்த கதவு பொருந்தாமைபோல, ஒருவரது வானொலிக் கருவி மற்றவரது கணிப்புக் கருவியோடு இணையாது. ஹுவாவே நிறுவனத்தின் கருவிகளை ஐந்தாந் தலைமுறை வலையமைப்புக்களிலிருந்து 2027 ஆம் ஆண்டு முடிவதற்குள் அகற்றுமாறு பிரித்தானிய அரசு 2020 இற் பணித்தபோது, எஞ்சிய பெருவிற்பனையாளர் எரிக்சன், நொக்கியா என்னும் இருவரே என்பது அந்நாட்டவர்க்கு வெளிப்படையாயிற்று.

இத்தளையை நீக்கும் நோக்கோடு ஏ.ரி. அன் ரி., சைனா மொபைல், டொய்ச்சே ரெலிகொம், என்.ரி.ரி. டொகோமோ, ஓரேஞ் ஆகிய ஐந்து நிறுவனங்களும் 2018 இலேயே ஓ-ரான் கூட்டமைப்பை நிறுவியிருந்தன. வானொலி அலகு, பரம்பல் அலகு, மைய அலகு என வலையமைப்பை மூன்றாகக் கொண்டு, அவற்றை இணைக்கும் விதிகளை யாவருமறிய வெளியிடுவதே அதன் வழி. பின்னைய இரண்டும் பொதுக் கணினிகளில் இயங்கும் மென்பொருளாகவும் அமையலாம்.

இவ்வமைப்பின் மற்றொரு சிறப்பு அறிவுடைக் கட்டுப்பாடாகும். அதற்குரிய கட்டுப்படுத்திகள் இருவகையின. ஒன்று 10 மில்லிசெக்கன் முதல் 1 செக்கன் வரையான காலத்துள் முடிவு செய்வது. நெரிசலுற்ற கோபுரத்திலிருந்து சிலரை அயற்கோபுரத்துக்கு மாற்றுதல் போல்வன இதன் பணி. மற்றையது அதனினும் நீண்ட காலத்துக்குரியது. பல நாட் பதிவுகளை ஆராய்ந்து, நள்ளிரவில் எவ்வலைவரிசையை நிறுத்தி மின்சாரத்தைச் சேமிக்கலாம் என வகுப்பது.

யப்பானில் ரக்குட்டென் மொபைல் 2020 ஏப்பிரலில் இக்கொள்கையைத் தழுவிச் சேவை தொடங்கி, இஃது இயலுமெனக் காட்டியது. ஆயினும், கூட்டமைப்பை நிறுவியோருள் ஒருவராகிய ஏ.ரி. அன் ரி., 2023 திசெம்பரிற் செய்த ஏறத்தாழ 1,400 கோடி டொலர் ஒப்பந்தத்தால், தனது திறந்த வலையமைப்பை அமைக்கும் பணியிற் பெரும்பகுதியை எரிக்சனிடமே ஒப்படைத்தது. பலர் கருவிகள் கலந்தவிடத்துப் பழுது நேரின், பொறுப்பாளி யாரென்பது எளிதிற் புலப்படாது. ஒருவரிடமே வாங்கினால் அவ்வினா எழாது.

ஆகவே, விதிகள் திறந்தமையால் மட்டும் போட்டி விளைந்துவிடாது. பல பாகங்களையும் பொருத்திப் பரிசோதித்துப் பழுது களையவல்ல பொறியியலாளரை உடைய நிறுவனமே இச்சுதந்திரத்தின் பயனை முழுமையாகத் துய்க்கும்.