ஒரு கிராம் காற்றை நம்பி மலையேறலாமா?

மாணவர்களே, ஊசி இல்லாத மருந்துக் குழல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பிஸ்டனை முழுவதும் பின்னுக்கு இழுத்து, நுனித் துளையை விரலால் இறுக மூடுங்கள். இப்போது பிஸ்டனை உள்ளே தள்ளிப் பாருங்கள். தொடக்கத்தில் எளிதாகப் போகும். பாதியைத் தாண்டியதும் எதிர்க்கும். இன்னும் அழுத்தினால் கட்டைவிரல் வலிக்கும். கையை எடுத்தால் பிஸ்டன் தானாகவே பின்னுக்கு வரும். உள்ளே அடைபட்ட காற்று ஒரு சுருள்வில்லைப் போல நடந்துகொள்கிறது.

கிராஸ் கன்ட்ரி பந்தயங்களில் ஓடும் மலைச் சைக்கிள்களின் முன் ஃபோர்க்குக்குள் இருப்பதும் இதே தந்திரம்தான். கல்லிலும் வேரிலும் சக்கரம் மோதும்போது, அந்த அதிர்வைக் காற்று வாங்கிக்கொள்கிறது. இந்தக் காற்று ஃபோர்க் எடை குறைந்தது, விலை கூடியது. “இது சீக்கிரம் கெட்டுப்போகும், கம்பிச் சுருளே மேல்” என்பார் ஒருவர். “ஒலிம்பிக் வீரர்களே இதைத்தானே பயன்படுத்துகிறார்கள்?” என்பார் இன்னொருவர். யார் சொல்வது சரி? இதற்கு விடை காணப் படிவம் 4 இயற்பியல் நூலில் உள்ள ஒரு விதியே நமக்குப் போதும்.

ஏன் காற்று?

மலையேறும்போது ஒவ்வொரு கிராமையும் உங்கள் கால்கள்தான் மேலே தூக்க வேண்டும். கிராஸ் கன்ட்ரி பந்தயத்தில் ஏற்றம் அதிகம். அதனால்தான் எடைக்கு இவ்வளவு மதிப்பு.

மலிவான சைக்கிள்களில் வரும் எஃகுச் சுருள் ஃபோர்க் ஏறக்குறைய 2.5 கிலோ இருக்கும். நல்ல கிராஸ் கன்ட்ரி காற்று ஃபோர்க் 1.3 முதல் 1.6 கிலோவுக்குள் அடங்கிவிடும். சுருள் மட்டுமே இந்த வேறுபாட்டுக்குக் காரணமன்று. மேல் குழாய்கள் அலுமினிய உலோகக் கலவையாலும், கீழ்க்கால்கள் மக்னீசிய உலோகக் கலவையாலும் செய்யப்படுகின்றன. ஆனால் பெரிய வியப்பு உள்ளே இருக்கும் வில்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்றறையின் உள்விட்டம் 28 மில்லிமீட்டர், நீளம் 16 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு ஏறக்குறைய 100 கன சென்டிமீட்டர். அதில் 100 பிஎஸ்ஐ வரை காற்றடைத்தால் உள்ளிருக்கும் காற்றின் நிறை எவ்வளவு தெரியுமா? ஒரு கிராமுக்கும் சற்றுக் குறைவு! அந்த ஒரு கிராம் பிஸ்டனைத் தள்ளும் விசையோ 425 நியூட்டன். 43 கிலோ மூட்டையின் எடைக்கு அது சமம்.

ஃபோர்க்குக்குள் பாயில் விதி

வெப்பநிலை மாறாதபோது, வாயுவின் கன அளவு பாதியானால் அழுத்தம் இரு மடங்காகும். இது பாயில் விதி. ஆனால் இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பம்பில் உள்ள மானி காட்டுவது, வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் அழுத்தம் இருக்கிறது என்பதை மட்டுமே. பாயில் விதிக்கு முழு அழுத்தம் வேண்டும். ஆகவே மானியின் 100 பிஎஸ்ஐயோடு வளிமண்டலத்தின் 15 பிஎஸ்ஐயையும் கூட்டி 115 என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் ஃபோர்க் 10 சென்டிமீட்டர் வரை அமுங்கக் கூடியது. முதல் 4 சென்டிமீட்டர் அமுங்கும்போது காற்றறை 16 சென்டிமீட்டரிலிருந்து 12 ஆகிறது. மானிக் கணக்கில் அழுத்தம் 138 பிஎஸ்ஐ ஆகும். கூடியது 38. அடுத்த 4 சென்டிமீட்டரில் காற்றறை பாதியாகிறது. அழுத்தம் 215. கூடியது 77. கடைசி 2 சென்டிமீட்டரில் அழுத்தம் 292. மீண்டும் 77 கூடுகிறது, அதுவும் பாதித் தூரத்திலேயே!

எஃகுச் சுருளின் எதிர்ப்பு ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரே அளவில்தான் கூடும். காற்றோ தொடக்கத்தில் மென்மையாகவும் முடிவில் கடினமாகவும் எதிர்க்கிறது. சிறு கற்களுக்கு இசைந்து கொடுக்கும். பெரிய பள்ளத்தில் இறங்கும்போது ஃபோர்க் அடிமுட்டாமல் காக்கும். மேலும், வேகமாக அமுங்கும் காற்று சூடாகும் என்பதால் உண்மையான அழுத்தம் நம் கணக்கைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும்.

வில் மட்டும் இருந்தால் சைக்கிள் குதித்துக்கொண்டே போகும். பெரும்பாலான ஃபோர்க்குகளில் ஒரு காலில் காற்றும், மறுகாலில் எண்ணெயும் வேலை செய்கின்றன. எண்ணெய் சிறு துளைகள் வழியே பிதுங்கிச் செல்லும்போது, குதிக்கும் ஆற்றல் வெப்பமாக மாறி அடங்கிவிடுகிறது.

எல்லாம் ஒரு ரப்பர் வளையத்தில்

காற்று தேயாது, துருப்பிடிக்காது, களைத்துப்போகாது. அப்படியென்றால் எது கெடுகிறது? காற்றை அடைத்து வைத்திருக்கும் ரப்பர் வளையம்தான்.

பிஸ்டனைச் சுற்றியுள்ள இந்த வளையம் இரண்டு எதிரெதிர் வேலைகளைச் செய்தாக வேண்டும். காற்றைக் கசிய விடக் கூடாது. அதற்கு அது குழாய்ச் சுவரை இறுகப் பற்ற வேண்டும். பிஸ்டன் வழுக்கிச் செல்லவும் வேண்டும். அதற்கு அது தளர்ந்திருக்க வேண்டும். இறுக்கினால் உராய்வு கூடும், சிறு கல்லுக்கு ஃபோர்க் அசையாது. தளர்த்தினால் காற்று போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வடிவமைப்பாளரின் பாடு.

இதைச் சமாளிக்கப் பிஸ்டனின் மறுபக்கத்தில் இன்னொரு சிறு காற்றறை வைத்தார்கள். அது எதிர்த் திசையில் தள்ளுவதால், தொடக்க விசையான 425 நியூட்டனையும் கல் ஒன்றே வெல்ல வேண்டிய நிலை இல்லை. ஃபோர்க் எளிதில் அசையத் தொடங்கும். ஆனால் ஒரு நன்மை இன்னொரு பொறுப்பையும் கொண்டு வந்தது. பிஸ்டன் வளையம் தேய்ந்து, பெரிய அறையின் காற்று சிறிய அறைக்குள் நுழைந்துவிட்டால், ஃபோர்க் உள்ளிழுக்கப்பட்டுக் குட்டையாகிவிடும். எவ்வளவு காற்றடித்தாலும் நிமிராது.

காற்று குறைந்தால் என்ன ஆகும்? 100 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய ஃபோர்க்கில் 70 மட்டுமே இருக்கிறது என்று கொள்வோம். முழுவதும் அமுங்கிய நிலையில் 292க்குப் பதிலாக 212 பிஎஸ்ஐதான் கிடைக்கும். செங்குத்தான இறக்கத்தில் முன்பக்கம் திடீரென்று தாழும். உங்கள் உடல் எடை முழுவதும் முன்னே சாயும். ஹேண்டல்பாருக்கு மேலாகத் தூக்கி எறியப்படலாம். ஆகவே இது பணம் பற்றிய கேள்வி மட்டுமன்று, பற்களும் தோள்பட்டை எலும்பும் பற்றிய கேள்வி.

கால்கள் தடித்த கதை

காற்று ஃபோர்க் புதிய கண்டுபிடிப்பன்று. அமெரிக்காவில் பால் டர்னர் தொடங்கிய ராக்ஷாக்ஸ் நிறுவனத்தின் முதல் ஃபோர்க்கான ஆர்எஸ்-1 காற்றும் எண்ணெயும் கொண்டதுதான். 1990-ஆம் ஆண்டு கொலராடோவின் டுராங்கோ நகரில் நடந்த உலக வெற்றியாளர் போட்டியில், மலையிறக்கப் பிரிவில் வென்ற கிரெக் ஹெர்போல்ட் இந்த நிறுவனத்தின் ஃபோர்க்கைத்தான் பயன்படுத்தினார். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் கிராஸ் கன்ட்ரி முதன்முதலாக இடம்பெற்றது. அதன்பின் எடை குறைக்கும் போட்டி சூடுபிடித்தது.

1998-இல் வந்த ‘சிட்’ என்ற ஃபோர்க் எடையில் பெரும் பாய்ச்சலாக இருந்தது. ஆனால் அதன் மேல் குழாய்கள் 28 மில்லிமீட்டர் விட்டமே கொண்டவை. வளைவில் திருப்பும்போது முன்சக்கரம் நெளிவதாக ஓட்டுநர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். பின்னாளில் குழாய்கள் 32 மில்லிமீட்டராயின. இப்போது 35 மில்லிமீட்டர் குழாய்களும் வந்துவிட்டன.

தடித்தால் எடை கூடாதா? கூடும். ஆனால் கணக்கைப் பாருங்கள். சுவரின் தடிப்பு மாறாமல் இருந்தால், குழாயின் எடை விட்டத்துக்கு ஏற்பக் கூடும். வளையாமல் நிற்கும் விறைப்போ விட்டத்தின் முப்படிக்கு ஏற்பக் கூடும். 28-இலிருந்து 32-க்குப் போகும்போது எடை 14 விழுக்காடு ஏறுகிறது, விறைப்போ ஏறக்குறைய 50 விழுக்காடு! மூங்கில் உள்ளே வெற்றிடமாக, அகன்று வளர்வதன் இரகசியமும் இதுதான். எடை குறைந்த ஃபோர்க் என்றாலே பலவீனமானது என்ற எண்ணம் இப்படித்தான் மெல்ல மெல்லப் பொய்யானது.

மழையும் செம்மண்ணும்

பொறியியலாளர்கள் நம்பகத்தன்மையை எப்படி வரையறுக்கிறார்கள் தெரியுமா? குறிப்பிட்ட சூழலில், குறிப்பிட்ட காலத்துக்கு, ஒரு பொருள் தன் வேலையைத் தவறாமல் செய்வதற்கான வாய்ப்பே நம்பகத்தன்மை. ‘குறிப்பிட்ட சூழல்’, ‘குறிப்பிட்ட காலம்’ என்ற இரண்டையும் கவனியுங்கள். கடைக்காரர் பேச்சில் விடுபடுவது இவைதான்.

காலத்தை முதலில் பார்ப்போம். 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க்கால்களைக் கழற்றித் துடைத்துப் புது எண்ணெய் விட வேண்டும் என்கிறது ராக்ஷாக்ஸ். 125 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை முழுப் பராமரிப்பு வேண்டும் என்கிறது ஃபாக்ஸ் நிறுவனம். வாரத்துக்கு 4 மணி நேரம் ஓட்டினால் 50 மணி நேரம் மூன்றே மாதத்தில் வந்துவிடும். ஈராண்டு ஒருமுறைகூடத் திறந்து பார்க்காமல் ஓட்டிவிட்டு, “காற்று ஃபோர்க் உழைக்காது” என்பது, எண்ணெயே மாற்றாத மோட்டார் சைக்கிளைக் குறை சொல்வது போலாகும்.

அடுத்தது சூழல். புக்கிட் கியாரா காட்டுப் பாதையோ, பூலாவ் உபினோ, வீட்டருகே உள்ள செம்பனைத் தோட்டமோ, மழைக்குப் பின் நம் ஊரில் எங்கும் சேறுதான். கீழ்க்காலின் வாயில் உள்ள தூசித் துடைப்பு வளையம் சேற்றை வெளியே நிறுத்தும். ஆனால் காய்ந்த மண் அதன் விளிம்பில் ஒட்டிக்கொண்டால், ஃபோர்க் அசையும் ஒவ்வொரு முறையும் அது மணல்தாளாகிறது. மேல் குழாயின் வழவழப்பான பூச்சு தேய்ந்துவிட்டால் அதை மீண்டும் பூசுவது எளிதன்று. பெரும்பாலும் மேல் பகுதி முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும். சில ரிங்கிட் துணியால் துடைத்திருந்தால் தவிர்த்திருக்கக் கூடிய செலவு அது.

இன்னொரு எச்சரிக்கை: மோட்டார் கழுவும் கடையின் உயரழுத்த நீரை ஃபோர்க் வளையங்கள்மீது பீய்ச்சாதீர்கள். சேற்றோடு நீரும் உள்ளே புகுந்துவிடும். வாளித் தண்ணீரும் மென்மையான துணியும் போதும்.

கசிகிறதா? அளந்து பாருங்கள்

பலர் செய்யும் தவறான சோதனை ஒன்று உண்டு. நேற்று 100 பிஎஸ்ஐ அடித்தார்கள். இன்று பம்பை மாட்டினால் 96 காட்டுகிறது. “கசிகிறது!” என்று கடைக்கு ஓடுகிறார்கள். உண்மை என்ன? பம்பை மாட்டியதும் ஃபோர்க்கின் காற்று பம்பின் குழாயையும் நிரப்புகிறது. 100 கன சென்டிமீட்டர் காற்று 104 கன சென்டிமீட்டர் இடத்தில் பரவினால், பாயில் விதிப்படி அழுத்தம் 96 ஆகத்தான் இறங்கும். பம்பைக் கழற்றும்போது கேட்கும் ‘ஸ்ஸ்’ ஒலியும் பெரும்பாலும் பம்புக் குழாயில் தங்கிய காற்றுதான்.

சரியான சோதனை இது. மேல் குழாயில் உள்ள சிறு ரப்பர் வளையத்தைக் கீழே இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் ஒரு ரப்பர் பேண்டைக் கட்டுங்கள். நண்பர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, ஏறி அசையாமல் உட்கார்ந்து இறங்குங்கள். வளையம் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று அளந்து எழுதுங்கள். 100 மில்லிமீட்டர் அமுங்கும் ஃபோர்க்கில் 15 முதல் 20 வரை இருந்தால் நல்லது. ஒரு வாரம் கழித்து, அதே புத்தகப் பையோடு, அதே முறையில் மீண்டும் அளங்கள். எண் தெளிவாகக் கூடியிருந்தால் அப்போது கசிவு என்று சொல்லலாம்.

காற்றடிக்கச் சஸ்பென்ஷன் பம்பையே பயன்படுத்துங்கள். பெட்ரோல் நிலையத்துப் பம்பு இவ்வளவு சிறிய அறைக்கு ஏற்றதன்று. காற்றை முழுவதும் வெளியேற்றாமல் ஃபோர்க்கின் மூடியைத் திறக்கவே கூடாது. அது தெறித்து முகத்தைத் தாக்கலாம். உள்வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

பழைய சைக்கிள் வாங்கப் போகிறீர்களா?

விரல் நகத்தை மேல் குழாயின்மீது மேலும் கீழுமாக ஓட்டுங்கள். கீறல் தட்டினால் விலகுங்கள். முன் பிரேக்கைப் பிடித்து நன்றாக அழுத்திவிடுங்கள். ஃபோர்க் முழு உயரத்துக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். குழாயில் எண்ணெய் வடிந்திருக்கிறதா, கழுத்துப் பகுதியில் விரிசலோ கிரீச்சொலியோ உண்டா என்று கவனியுங்கள். வளையம் தேய்ந்தால் மாற்றலாம். விரிசல் விட்ட உலோகத்துக்கு மறுவாழ்வு இல்லை.

கடைசியாக, உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டிய மணி நேரத்தைக் குறித்து வைத்து, சேற்றைத் துடைத்து, உரிய நேரத்தில் எண்ணெய் மாற்ற நான் தயாரா? ஆம் என்றால் காற்று ஃபோர்க் பல ஆண்டுகள் உங்களோடு மலையேறும். இல்லை என்றால் ஒரு கிலோ கூடுதலானாலும் எஃகுச் சுருள் ஃபோர்க்கையே வாங்குங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. கவனிப்பாரற்ற சைக்கிளில் காற்றைவிட எஃகே அதிகம் பொறுத்துக்கொள்ளும்.