சோதிப்பவருக்கு ஒரு பக்கம், சிக்குபவருக்கு வேறொரு பக்கம்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. வீட்டுப் பயனாளர்களுக்காக மைக்ரோசாஃப்ட் அறிவித்த நீட்டிப்புத் திட்டத்தின் கெடு 2026 அக்டோபர் 13. இந்த இரண்டு தேதிகளும் உண்மை. ‘உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது, கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று திரை முழுவதையும் மறைத்து வரும் அறிவிப்பு பொய். உண்மையான கெடுவின் நிழலில் அது ஒதுங்கிக்கொள்வதால் எது எது என்று பிரித்தறிவது பலருக்குக் கடினமாகிறது.

பிரித்தறிய ஓர் அடையாளம் போதும். மைக்ரோசாஃப்டின் பிழைச் செய்திகளிலும் எச்சரிக்கைகளிலும் தொலைபேசி எண் இருக்காது. அந்த நிறுவனமே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நீட்டிப்பில் சேரவும் யாரையும் அழைக்க வேண்டியதில்லை. விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பு இருந்தால், செட்டிங்ஸில் உள்ள விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேரலாம். அங்கே ‘இலவசம்’ என்று வரும் சொல்லை மட்டும் கவனமாகப் படிக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, கணினியின் அமைப்புகளை அந்த நிறுவனத்தின் சேமிப்பகத்தில் வைக்கச் சம்மதிப்பவருக்கே அது இலவசம். மற்றவர்கள் 1,000 ரிவார்ட்ஸ் புள்ளிகளையோ 30 டாலரையோ தர வேண்டும்.

சேலம் மாவட்டத்தின் மேச்சேரி, மேட்டூர், ஓமலூர் பகுதி வீடுகளில் இந்தக் கெடு யாரைத் தொடுகிறது என்பதை ஊகிப்பது எளிது. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை, பிள்ளைகளின் படிப்புக்காகப் பழையதாக வாங்கியவை என்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் பல. இன்டெல் சிப் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையாமலும், அதோடு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இருக்க வேண்டும் என்பது விண்டோஸ் 11-இன் நிபந்தனை. பழைய கணினிகளில் பெரும்பாலானவை அதில் தேறாது. அந்தப் பொய் அறிவிப்பு பெரும்பாலும் இணைய விளம்பரத்தின் வழியாகவே வருகிறது. புதுப்பிப்பு நின்றுபோன கணினி, கெட்ட விளம்பரத்துக்குத் தாழ்ப்பாள் இல்லாத கதவு.

கண் சிமிட்டுவதற்குள் ஓர் ஏலம்

செய்தித்தளத்திலோ சமையல் குறிப்புத் தளத்திலோ தெரியும் விளம்பரத்தை அந்தத் தளத்தின் உரிமையாளர் தேர்ந்தெடுப்பதில்லை. பக்கம் திறக்கும் நொடியில், அதில் காலியாக விடப்பட்ட கட்டம் ஏலத்துக்குப் போகிறது. பார்ப்பவர் எந்த ஊர்ப் பக்கம், எந்தக் கருவி, எந்த பிரவுசர், எதைப் பற்றிய பக்கம் என்ற விவரங்கள் விளம்பரச் சந்தைகளுக்கு அனுப்பப்படுகின்றன. அங்கே காத்திருக்கும் மென்பொருள்கள் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் விலை கேட்கின்றன. அதிகம் கேட்டவரின் விளம்பரம் கட்டத்தில் வந்து உட்காருகிறது. கட்டத்தை விற்றவருக்கு வாங்கியவரைத் தெரியாது. நடுவில் மூன்று, நான்கு தரகர்கள் இருக்கலாம். ஒவ்வொருவருக்கும் தெரிவது தனக்கு அடுத்தவரை மட்டும். விளம்பரம் வெறும் படமும் அல்ல. பிரவுசருக்குள் ஓடும் சிறு நிரலும் அதனோடு வர முடியும். வேறொரு பக்கத்துக்கு இழுத்துச் செல்ல அந்த நிரலே போதும்.

இவ்வளவு பெரிய சந்தையில் சோதனையே இல்லையா என்றால், இருக்கிறது. 2024-இல் மட்டும் 510 கோடி விளம்பரங்களுக்கு மேல் தடுத்ததாகவும், 3.92 கோடி விளம்பரதாரர் கணக்குகளை முடக்கியதாகவும் கூகுள் அறிவித்தது. எண்ணிக்கை பெரியதுதான். ஆனால் சோதனையில் தப்பியவை எத்தனை, அவற்றை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை அந்த எண்ணிக்கை சொல்லாது. ‘சரிபார்க்கப்பட்ட விளம்பரதாரர்’ என்ற முத்திரையும் அப்படித்தான். பணம் கட்டுபவரின் ஆவணங்கள் பார்க்கப்பட்டன என்பதே அதன் பொருள். விளம்பரம் கொண்டுபோய்ச் சேர்க்கும் பக்கத்துக்கு அது நற்சான்று ஆகாது. முத்திரை பெற்ற நேர்மையான வணிகர்களின் கணக்குகளைத் திருடி, அவற்றின் வழியாகவே மோசடி விளம்பரம் ஓட்டப்படுவதும் உண்டு.

சோதனையில் தப்பும் வழிதான் இந்த மோசடி முழுவதிலும் கூர்ந்து பார்க்க வேண்டிய இடம். மேச்சேரி ஆட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது கணிக்காமல் யாரும் விலை பேசுவதில்லை. பல்லைப் பார்க்க ஓர் ஆட்டைக் காட்டிவிட்டு, வண்டியில் வேறொன்றை ஏற்றிவிடுவது போன்றது இந்த உத்தி. விளம்பரம் சுட்டும் முகவரி ஒன்றுதான். வருபவர் யார் என்பதைப் பொறுத்து அந்த முகவரி காட்டும் பக்கம் மாறுகிறது.

அந்தப் பக்கத்தை இயக்கும் சர்வர், முதலில் வருபவரை எடைபோடுகிறது. இணைப்பு வீட்டு பிராட்பேண்டிலிருந்து வருகிறதா, தரவு மையத்திலிருந்து வருகிறதா? தரவு மையம் என்றால் அது விளம்பர நிறுவனத்தின் சோதனை மென்பொருளாக இருக்கக்கூடும். கணினியின் நேர மண்டலம் குறிவைத்த நாட்டோடு பொருந்துகிறதா? மெய்யாகவே விளம்பரத்தைச் சொடுக்கி வந்தவரா, முகவரியை நேரடியாகத் தட்டியவரா? மவுஸ் மனிதக் கை போல அசைகிறதா? எல்லாம் பொருந்தினால் மட்டும் போலி எச்சரிக்கை திறக்கிறது. ஒன்று பிசகினாலும் தெரிவது தோட்டக்கலை பற்றியோ கைப்பை விற்பனை பற்றியோ ஒரு சாதுவான பக்கம்.

ஒரே வீட்டுக்கு இரண்டாம் முறை காட்டாமல் இருக்கவும் அந்த சர்வரால் முடியும். பாதிக்கப்பட்டவர் மறுநாள் அதே முகவரியை மகனிடமோ காவலரிடமோ காட்டினால், அங்கே இருப்பது சாதுவான பக்கம்தான். சொன்னவர் சொல் எடுபடாமல் போகிறது. விளம்பர நிறுவனத்துக்குப் புகார் போனாலும் சோதிப்பவர் கண்ணில் குற்றம் படுவதில்லை. ஏமாந்தவரின் சாட்சியத்தையே செல்லாததாக்கும் இந்த ஏற்பாடுதான், தொழில்நுட்பமாகப் பார்த்தால் சிறியதாக இருந்தாலும், விளைவில் மிகக் கொடியது.

பூட்டு என்பது ஒரு படம்

போலி எச்சரிக்கை திறந்ததும் சைரன் ஒலிக்கும், குரல் மிரட்டும், மவுஸ் அம்பு மறையும், எந்தப் பொத்தானும் வேலை செய்யாததுபோல் தோன்றும். உண்மையில் கணினி பூட்டப்படவில்லை. வீடியோவைத் திரை நிறையக் காட்ட பிரவுசர் தரும் வசதியைப் பயன்படுத்தி, விண்டோஸ் திரையைப் போலவே வரையப்பட்ட ஒரு வலைப்பக்கம்தான் அது. ஒரு பக்கம் முழுத்திரைக்கு விரிய, பார்ப்பவரின் ஒரு சொடுக்காவது தேவை. விளம்பரத்தின் மூலையில் தெரியும் ‘மூடு’ குறி பல நேரங்களில் விளம்பரப் படத்தின் பகுதியே. அதைச் சொடுக்குவதே அந்த அனுமதியாகிவிடுகிறது.

வெளியேறும் வழி: எஸ்கேப் விசையை இரண்டு, மூன்று நொடி விடாமல் அழுத்த வேண்டும். அதற்கும் மசியாவிட்டால், கண்ட்ரோல், ஆல்ட், டிலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூட வேண்டும். அதுவும் இயலாதபோது பவர் பொத்தானை அழுத்திப் பிடித்துக் கணினியை அணைக்கலாம். மீண்டும் திறக்கும்போது ‘பழைய பக்கங்களை மீட்கவா’ என்று பிரவுசர் கேட்டால் மறுத்துவிட வேண்டும்.

அழைத்தபின் நடப்பது

அந்த எண்ணை அழைக்கும் வரை கெடுதல் படத்தோடு நிற்கிறது. அழைத்தபின், மறுமுனையில் இருப்பவர் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொல்கிறார். இவை முறையான செயலிகள் என்பதால் ஆன்டிவைரஸ் பெரும்பாலும் தடுக்காது. பிறகு, விண்டோஸில் இயல்பாக இருக்கும் விஷயங்களே நோயின் அறிகுறிகளாகக் காட்டப்படுகின்றன. ஈவென்ட் வியூவரில் சிவப்புக் குறியிட்ட பிழைகள் நல்ல கணினியிலும் நூற்றுக்கணக்கில் இருக்கும். இணைப்புகளைப் பட்டியலிடும் கட்டளையில் ‘ஃபாரின் அட்ரஸ்’ என்றொரு தலைப்பு வரும். மறுமுனையின் முகவரி என்பதே அதன் பொருள். வெளிநாட்டார் கணினிக்குள் புகுந்துவிட்டார்கள் என்று அது விளக்கப்படுகிறது.

மிகவும் நம்ப வைப்பது எண் ஒப்பீடு. ‘உங்கள் கணினியின் உரிம எண் என்னிடம் இருக்கிறது’ என்று சொல்லி, 888 என்று தொடங்கும் நீண்ட எண்ணை அழைப்பில் இருப்பவர் வாசிக்கிறார். ஒரு கட்டளையைத் தட்டச் சொல்கிறார்; அதே எண் திரையில் வருகிறது. அது உரிம எண்ணே அல்ல. ஜிப் கோப்புகளைக் கையாளும் விண்டோஸின் சிறு பகுதி ஒன்றின் அடையாளம். எல்லா விண்டோஸ் கணினிகளிலும் அதே எண்தான்.

இதன் பிறகு ‘சேவைக் கட்டணம்’ கேட்கப்படும். அல்லது ‘பணத்தைத் திருப்பித் தருகிறோம்’ என்று வங்கிப் பக்கத்தைத் திறக்க வைத்து, திரையில் தெரியும் இருப்புத் தொகையைப் பிரவுசரிலேயே மாற்றிக் காட்டி, ‘தவறுதலாக அதிகம் போட்டுவிட்டோம், மீதியை அனுப்புங்கள்’ என்று கெஞ்சல் தொடங்கும். மாறியது திரையில் உள்ள எழுத்து மட்டுமே. கணக்கில் ஒரு பைசாவும் வந்திருக்காது.

இந்த அழைப்பு மையங்கள் பல இந்தியாவிலிருந்தே இயங்கின. 2023 அக்டோபரில் ‘ஆபரேஷன் சக்ரா-2’ என்ற பெயரில் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் 76 இடங்களில் சிபிஐ சோதனை நடத்தியது. அமேசான், மைக்ரோசாஃப்ட் நிறுவனங்களின் புகார்கள் மீதான வழக்குகளும் அதில் அடக்கம். 2025 மே 28-இல் ஜப்பானிய முதியவர்களைக் குறிவைத்த கும்பலைத் தேடி 19 இடங்களில் சோதனை நடந்தது. ஆறு பேர் கைதானார்கள். அமெரிக்காவில் மட்டும் இத்தகைய மோசடியால் 2024-இல் 146 கோடி டாலர் பறிபோனதாக எஃப்பிஐ கணக்கிட்டது. வெளிநாட்டார் மட்டுமே குறி என்று எண்ணுவதற்கில்லை: எனிடெஸ்க் வழியாக வங்கிக் கணக்குகள் காலியாவது பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. சோதனைகள் அழைப்பு மையத்தை மூடுகின்றன. விளம்பர ஏலமோ அடுத்தவருக்காகத் திறந்தே இருக்கிறது.

உண்மைத் தளத்தில் பொய் எண்

முகவரியைச் சரிபார்த்தால் போதும் என்ற அறிவுரை இப்போது பாதிதான் செல்லும். மைக்ரோசாஃப்ட், ஆப்பிள், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற நிறுவனங்களின் உண்மையான தளங்களிலேயே பொய் உதவி எண் தெரியும்படி செய்யப்பட்டதை மால்வேர்பைட்ஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்டது. தேடல் விளம்பரத்தின் இணைப்பில், தளத்தின் உள்தேடல் பெட்டிக்கான சொல்லாக அந்த எண்ணையே சேர்த்துவிடுகிறார்கள். ‘இதற்கான முடிவுகள்’ என்று தளம் அந்த எண்ணைத் திருப்பிக் காட்டுகிறது. முகவரிப் பட்டையில் இருப்பது உண்மையான முகவரி, பக்கமும் உண்மையானது, எண் மட்டும் மோசடிக்காரருடையது. ஆகவே கஸ்டமர் கேர் எண்ணைத் தேடல் முடிவில் எடுக்கக் கூடாது. வங்கி அட்டையின் பின்புறம், பாஸ்புக், வாங்கிய பொருளின் ரசீது ஆகியவற்றில் அச்சான எண்ணே நம்பத்தக்கது.

தடுக்கும் வழிகள்

முதல் அரண் விளம்பரத் தடுப்பான். தேடல் விளம்பரங்களில் நிறுவனங்களின் பெயரில் மோசடி நடப்பதைச் சொல்லி, இதைப் பயன்படுத்துமாறு எஃப்பிஐ 2022 டிசம்பரில் பரிந்துரைத்தது. ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பான் முழுமையாக இயங்கும். குரோமில் அதன் ‘லைட்’ வடிவம் மட்டுமே இயங்கும். நல்ல தளங்களின் வருமானத்தை இது பாதிக்கும் என்பது உண்மை. எந்த விளம்பரத்தைக் காட்டுகிறோம் என்பதற்கு விளம்பர நிறுவனங்கள் பொறுப்பேற்காதவரை, முதியவர் பயன்படுத்தும் கணினியில் தடுப்பான் இல்லாமல் விடுவது சரியல்ல.

இரண்டாவது, ‘நோட்டிஃபிகேஷன் அனுமதிக்கவா’ என்ற கேள்வியை பிரவுசர் செட்டிங்ஸில் மொத்தமாக நிறுத்துவது. ஒரு முறை அனுமதித்தால், திரையின் மூலையில் ஆன்டிவைரஸ் எச்சரிக்கை போல விளம்பரங்கள் நாள்தோறும் வரும்.

மூன்றாவது, திருட்டுத்தனமாகப் படம் காட்டும் தளங்களைத் தவிர்ப்பது. அப்படிப்பட்ட தளங்களின் வீடியோ சட்டத்துக்குள் ஒளித்த விளம்பரங்களால், 2024 டிசம்பரில் கண்டறியப்பட்ட ஒரே தாக்குதலில் ஏறத்தாழ 10 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் 2025 மார்ச்சில் தெரிவித்தது. அங்கே தொலைபேசி எண்ணும் இல்லை, மிரட்டலும் இல்லை. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களே திருடப்பட்டன.

பணம் போய்விட்டால்

முதலில் இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். அடுத்து வங்கிக்கும், இணையவழி மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கும் உடனே சொல்ல வேண்டும். கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்ற வேண்டும்.

1930 பற்றிய அரசுக் கணக்கை அதன் சொற்களின் பொருள் அறிந்தே படிக்க வேண்டும். 2024-இல் நாடு முழுவதும் இணையவழி மோசடியில் 22,845 கோடி ரூபாய் போனதாக 2025-இல் மக்களவையில் தெரிவிக்கப்பட்டது. 2023-இல் அது 7,465 கோடி. 2021-இல் தொடங்கிய புகார் அமைப்பால் 5,489 கோடிக்கு மேல் ‘காப்பாற்றப்பட்டது’ என்றும் சொல்லப்பட்டது. மோசடிக்காரர் கைக்குப் போகாமல் வழியில் நிறுத்தப்பட்ட தொகை என்பதே அந்தச் சொல்லின் பொருள். இழந்தவரின் கணக்கில் வந்து சேர்ந்த தொகை அது ஆகாது. எனினும், பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் நிறுத்த இருக்கும் வழி இதுதான். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

மற்ற கேள்விகள்

வங்கி இழப்பை ஏற்குமா? ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் வகுத்தபடி, ரகசிய விவரத்தை வாடிக்கையாளரே பகிர்ந்திருந்தால் புகார் செய்யும் வரையிலான இழப்பு அவருடையது, அதற்குப் பிந்தையது வங்கியுடையது.

ஆன்டிவைரஸ் வாங்க வேண்டுமா? விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். விண்டோஸ் 10-இல் அதன் வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை புதுப்பிக்கப்படும்.

அப்படியானால் நீட்டிப்பு எதற்கு? வைரஸ் பட்டியல் விண்டோஸின் ஓட்டைகளை அடைக்காது.

பழைய கணினியைத் தூக்கிப்போட வேண்டுமா? வேண்டியதில்லை, லினக்ஸ் நிறுவினால் இணையம் பார்க்கவும் தட்டச்சு செய்யவும் பயன்படும்.

எனிடெஸ்க் நிறுவியாகிவிட்டது, பணம் போகவில்லை, என்ன செய்வது? இணைப்பைத் துண்டித்து, செயலியை நீக்கி, முக்கியக் கோப்புகளை எடுத்துவைத்து, விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே பாதுகாப்பு.

மேச்சேரியிலிருந்து புகார் கொடுக்கச் சேலம் வரை போக வேண்டுமா? வேண்டியதில்லை, 1930-க்கும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்துக்கும் வீட்டிலிருந்தே புகார் அனுப்பலாம்.