எலி செத்த மணம்

"அம்மா, குசினிக்குள்ள எலி செத்துக் கிடக்குது போல, ஒரே நாத்தம்" என்று என் மகள் வந்து சொன்னாள். அறுவடை முடிந்து நெல் மூட்டைகள் வீட்டுக்கு வந்திருந்த மாசி மாதம் அது. கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரில் விளைகின்ற எங்கள் அடம்பன் பக்கத்தில், வயல் வெறுமையானதும் எலிகள் வீடு தேடி வருவது வழமைதான். அதனால் நானும் பெரிதாக எடுக்கவில்லை.

பொழுதுபட்ட பின் மாமி தேநீர் வைக்கப் போனார். லைட்டைப் போடக் கையை நீட்டியபோதுதான் அந்த மணம் எனக்கும் அடித்தது. "மாமி, தொடாதேங்கோ!" என்று கத்திவிட்டேன். அது எலியல்ல, காஸ்.

காஸுக்கு இயல்பிலே மணம் இல்லை. கசிந்தால் நமக்குத் தெரியட்டும் என்று எதைல் மேர்கப்டன் என்ற நாற்றமுள்ள பொருளை அதிற் கலக்கின்றார்கள். காஸ் காற்றைவிடப் பாரமானது. ஆகவே மேலே போகாது. நிலத்தோடு தங்கி நிற்கும். எங்கள் குசினி யன்னலோ உயரத்தில் இருக்கிறது. சுவிட்சில் வருகின்ற சிறு பொறி போதும், அவ்வளவும் பற்றிக்கொள்ள.

இருட்டிலேயே ரெகுலேட்டரை மூடினேன். முன்கதவு, பின்கதவு இரண்டையும் விரியத் திறந்து, எல்லோரும் முற்றத்து வேம்படிக்குப் போய்விட்டோம். மின்விசிறியைப் போட்டு மணத்தைப் போக்கலாம் என்றாள் மகள். அதுவும் சுவிட்ச்தானே! நல்லகாலம், அன்று காற்று அடித்தது.

விடிந்ததும் சவர்க்காரத்தைத் தண்ணீரில் நுரைக்கக் கரைத்து, ரெகுலேட்டர் பொருத்து, குழாய், அடுப்பு முனை எல்லாவற்றிலும் பூசி, ரெகுலேட்டரை ஒரு நிமிடம் மட்டும் திறந்து பார்த்தேன். குழாயின் நடுவில் குமிழி குமிழியாக வந்தது. துடைத்துப் பார்த்தால் இரண்டு பல் அடையாளம்! மகள் சொன்னதிலும் பாதி உண்மை இருந்திருக்கிறது. (நெருப்புக்குச்சியைக் கொளுத்திக் கசிவு தேடுகின்றவர்களும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்ல?)

அந்தக் குழாயும் பழையதுதான். 2022இல் காஸ் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்ற மாதங்களில் நாங்கள் மறுபடி விறகுக்குப் போனோம். அடுப்பு மூலையில் கிடந்தது. குழாய் காய்ந்து விறைத்துப் போயிற்று. காஸ் வந்தவுடன் சந்தோஷத்தில் அதையே பொருத்தினேன். குழாயை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையாவது மாற்ற வேண்டும். வளைத்துப் பார்க்கும்போது வெடிப்புத் தெரிந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். மலிவு என்று தண்ணீர்க் குழாயை வாங்கிப் பூட்டாதீர்கள். காஸ் குழாய் வேறு. இரு முனையிலும் கிளிப் இறுக்கமாக இருக்கட்டும்.

2021 நவம்பர், டிசம்பரில் நாடெங்கும் அடுப்புகளும் சிலிண்டர்களும் வெடித்த செய்திகளை மறந்திருக்க மாட்டீர்கள். உயிர்களும் போயின. மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் தலைமையில் ஜனாதிபதி அமைத்த குழு, காஸின் கலவை விகிதம் மாறியதையே முக்கிய காரணமாகச் சொன்னது. புரோப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தமும் கூடும். தளர்ந்த பொருத்துகள் அதைத் தாங்கா. கலவை நம் கையில் இல்லை. குழாயும் கிளிப்பும் நம் கையில் இருக்கின்றன.

இன்னொன்று. காஸ் முடியப் போகிறதென்று சிலிண்டரைச் சரித்துப் படுக்க வைப்பதும், சுடுதண்ணீர் வாளிக்குள் இறக்குவதும் பல வீடுகளில் நடக்கிறது. சரித்தால் திரவமாகவே குழாய்க்குள் வந்துவிடும். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும்.

அடுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோறு பொங்கி வழிந்த கஞ்சி பேர்னர்த் துளைகளை அடைத்தால் நீலச் சுவாலை மஞ்சளாகும், சட்டி அடி கறுக்கும். ஆறிய பின் கழற்றிக் கழுவி, ஊசியால் துளைகளைக் குத்தி, நன்றாகக் காய்ந்த பிறகு பூட்டுங்கள்.

எங்கள் வீட்டில் நெல் மூட்டைகள் இப்போது குசினிக்குப் பக்கத்தில் இல்லை. இரவு படுக்கப் போகுமுன் ரெகுலேட்டரை மூடுவது மாமியின் வேலை. மூடிவிட்டு, குனிந்து ஒருமுறை மணந்தும் பார்க்கிறார்.