லைன் வீட்டுக்குள் எந்த லென்ஸ்?

கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லைன் வீடுகளில் படமெடுத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியும். முன்னறையில் குடும்பம் முழுவதும் வரிசையாக நிற்கிறது. கேமரா பிடித்தவர் எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கிறார். இன்னும் ஓரடி பின்னால் போக வழியில்லை. ஓரத்தில் நிற்கும் பெரியம்மாவின் பாதி உருவம் படத்துக்கு வெளியே போய்விடுகிறது.

டிஎஸ்எல்ஆரை விட்டு மிரர்லெஸ்ஸுக்கு மாற நினைப்பவர்கள் இப்போது நிறையப் பேர். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் படமெடுக்கும் தம்பிகள் கேமரா பாடியைப் பற்றி மணிக்கணக்கில் விசாரிக்கிறார்கள். எந்தச் சுவருக்கு முன்னால் நின்று எடுக்கப்போகிறோம் என்று யோசிப்பவர் குறைவு. பாடி சில வருடங்களில் மாறிவிடும். லென்ஸ் பத்து, பதினைந்து வருடம் கூட வரும். அதனால் சுவரிலிருந்தே தொடங்குவோம்.

கணக்கு எளிது. சென்சாரின் அகலத்தை லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்து, எதிரே நிற்பவர் இருக்கும் தூரத்தால் பெருக்குங்கள். படத்துக்குள் எவ்வளவு அகலம் அடங்கும் என்பது கிடைத்துவிடும். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ. பத்தடி அறையில் உங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே எட்டடி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50 மி.மீ. லென்ஸில் ஐந்தே முக்கால் அடி அடங்கும். இரண்டு பேர் நிற்கலாம். 35 மி.மீ.யில் எட்டடிக்குச் சற்று மேல். 24 மி.மீ.யில் பன்னிரண்டு அடி, அதாவது பெரியம்மாவும் வந்துவிடுவார்.

க்ராப் சென்சாரில் இதே லென்ஸ்கள் வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதன் அகலம் ஏறக்குறைய 23.5 மி.மீ.தான். அதே எட்டடியில் 50 மி.மீ. லென்ஸ் நாலடி கூடக் காட்டாது. பாடியோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸின் 18 மி.மீ. முனையில் பத்தடி அடங்கும். இதனால்தான் க்ராப் பாடியிலிருந்து ஃபுல் ஃபிரேமுக்குப் போகிறவர்களுக்கு வீட்டுக்குள் இடம் கூடினாற்போல இருக்கும். ஆனால் அதே மாற்றம் வெளியில் கையைக் கடிக்கும். பேத்தமங்கலம் ஏரிக்கரையில் 300 மி.மீ. டெலியை க்ராப் பாடியில் மாட்டிப் பறவை எடுத்தவருக்கு, ஃபுல் ஃபிரேமில் அதே நெருக்கம் வேண்டுமானால் 450 மி.மீ. தேவைப்படும். அந்த அளவு லென்ஸின் எடையும் விலையும் வேறு. பறவைதான் உங்கள் முதல் ஆசை என்றால் க்ராப் பாடியிலேயே இருங்கள். அதில் குறைவு எதுவும் இல்லை.

அடுத்தது கையில் இருக்கும் பழைய லென்ஸ்கள். எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் புதிதாகத் தொடங்கு என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளிதான் இங்கே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. கேனானின் பழைய இஎஃப் மவுண்டில் அது 44 மி.மீ.; 2018இல் வந்த ஆர்எஃப் மவுண்டில் 20 மி.மீ. நிக்கானின் எஃப் மவுண்டில் 46.5 மி.மீ.; அதே 2018இல் வந்த இசட் மவுண்டில் 16 மி.மீ. டிஎஸ்எல்ஆருக்குள் இருந்த முகம் பார்க்கும் வகைக் கண்ணாடி போனதும் அந்த இடமும் குறைந்துவிட்டது. அடாப்டர் என்பது குறைந்த அந்த இடத்தை நிரப்பும் ஒரு வெற்றுக் குழாய். கேனானுக்கு 24 மி.மீ., நிக்கானுக்கு 30.5 மி.மீ. நீளம். குழாயின் நடுவில் லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லாததால் படத்தின் தரம் குறையாது. புது லென்ஸைப் பழைய பாடியில் மாட்ட மட்டும் வழியில்லை. அதற்கு லென்ஸ் பாடிக்குள்ளே புகுந்து உட்கார வேண்டியிருக்கும்.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1987இல் கேனான் தன் எஃப்டி மவுண்டைக் கைவிட்டு இஎஃப்புக்கு மாறியது. எஃப்டியின் இடைவெளி 42 மி.மீ., புதியது 44 மி.மீ. வெறும் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம்தான்; ஆனால் அது தவறான திசையில் இருந்தது. வெற்றுக் குழாயைச் செருக இடமில்லாமல் எஃப்டி லென்ஸ்கள் பெட்டிக்குள் முடங்கின. மிரர்லெஸ் வந்ததும் அவையே மலிவான அடாப்டரில் மறுபடி வேலை செய்கின்றன, ஃபோக்கஸை மட்டும் கையால் திருப்ப வேண்டும். அப்பாவின் அலமாரியில் அப்படி ஒன்று கிடந்தால் தூக்கி எறியாதீர்கள். முதலில் அதற்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் போலப் பூஞ்சை படர்ந்திருந்தால் புதிய லென்ஸ்களோடு ஒரே பையில் வைக்க வேண்டாம்.

அடாப்டரில் எல்லாமே ஒன்றுபோல ஓடும் என்று எண்ணிவிடவும் கூடாது. கேனானின் இஎஃப், இஎஃப்-எஸ் லென்ஸ்கள் அந்த நிறுவனத்தின் அடாப்டரில் ஆட்டோஃபோக்கஸோடு நன்றாக வேலை செய்யும். நிக்கானில் ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி லென்ஸ்கள் ஓடும். நம் ஊரில் பலரிடம் இருக்கும் 50 மி.மீ. 1.8டி லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. பாடியின் மோட்டார்தான் அதைத் திருப்பும். நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் அந்த மோட்டார் இல்லை. ஆகவே கையால்தான் ஃபோக்கஸ். அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவரை எடுக்க அது போதும். கல்யாண மேடைக்குப் போதாது.

க்ராப் பாடிக்கென்று செய்த லென்ஸை ஃபுல் ஃபிரேமில் மாட்டினால் கேமரா சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். 24 மெகாபிக்சல் பாடி பத்து மெகாபிக்சல் அளவுக்கு இறங்கிவிடும். செல்போனில் பார்க்க அது போதும். பெரிய ஆல்பத்தின் இரட்டைப் பக்கத்துக்கு இழுத்தால் குறை தெரியும்.

வெளிச்சம் இன்னொரு கணக்கு. லைன் வீட்டில் சிறிய ஜன்னலும் ஒரு பல்பும்தான். எஃப் 3.5 கிட் லென்ஸைவிட எஃப் 1.8 லென்ஸ் ஏறக்குறைய நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். பாடிக்குள்ளேயே நடுக்கம் தாங்கும் வசதி இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது உங்கள் கை நடுக்கத்தை மட்டும்தான் தாங்கும். துள்ளும் குழந்தையை அது நிறுத்தாது. அதற்கு வேகமான ஷட்டர் வேண்டும், வேகமான ஷட்டருக்கு ஒளி வேண்டும்.

தங்கவயலுக்கே உரிய ஒன்று தூசி. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பாறையை மாவாக அரைத்துத் தங்கத்தைப் பிரித்தெடுத்துக் கொட்டிய மண்தான் சயனைட் மேடுகளாக நிற்கிறது. காற்றடித்தால் அந்தப் பொடி எழும். மிரர்லெஸ் பாடியில் லென்ஸைக் கழற்றியதும் பெரும்பாலும் சென்சார் வெட்டவெளியாக நிற்கும். முன்னால் மறைக்கக் கண்ணாடி இல்லை. மேட்டருகே லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள். ஒரே லென்ஸோடு போங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் கேமராவை அணைத்து, வாயைத் தரைப்பக்கம் கவிழ்த்து, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று மாற்றுங்கள்.

சுரங்க ஷாஃப்டுகளின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரங்களுக்குப் பலரும் வைட் லென்ஸ் வாங்குகிறார்கள். அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் கோபுரம் பின்னால் சாய்வது போல வரும். பூட்டிய பகுதிக்குள் அனுமதியில்லாமல் நுழையவும் கூடாது. சாலையில் தள்ளி நின்று 50 அல்லது 85 மி.மீ.யில் எடுங்கள். கோபுரம் நிமிர்ந்து நிற்கும்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு மாலையை ஒதுக்குங்கள். போன வருடம் உங்களுக்குப் பிடித்த நூறு படங்களைக் கணினியில் திறந்து, ஒவ்வொன்றும் எத்தனை மி.மீ.யில் எடுத்தது என்று பாருங்கள். படத்தின் விவரத்திலேயே அது பதிவாகியிருக்கும். எந்த எண்ணைச் சுற்றிப் படங்கள் குவிகின்றனவோ அந்த லென்ஸ்தான் முதலில். ஊர் மனிதர்களை அவர்கள் வீட்டிலேயே எடுப்பவர்களுக்கு என் பரிந்துரை, ஃபுல் ஃபிரேமானால் 35 மி.மீ. எஃப் 1.8, க்ராப்பானால் அதே பார்வையைத் தரும் 23 அல்லது 24 மி.மீ. மற்றதை எல்லாம் ஒரு வருடம் அடாப்டரில் ஓட்டுங்கள். அந்த வருடத்தில் பையிலிருந்து வெளியே வராத லென்ஸை மட்டும் விற்றுவிடுங்கள்.

ஆனால் ஊர் மனிதர்களை எடுக்க அதிக காலம் இல்லை. தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. அன்று முப்பது வயதில் கடைசி ஷிஃப்ட் முடித்து மேலே வந்தவருக்கே இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது; அவருக்கு மூத்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். புது லென்ஸ் வரும்வரை அவர்களைக் காத்திருக்க வைக்காதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே பழைய கேமராவை எடுத்துக்கொண்டு போய், அவர்கள் வீட்டு ஜன்னலோரம் உட்காரவைத்து எடுத்துவிடுங்கள்.