கத்திப் பிடியில் பூக்கும் பூ

கையால் செய்த கத்திகள் சிலவற்றின் மரப்பிடியில், சிறு வட்டத்துக்குள் உலோகப் பூ ஒன்று மின்னுவதைக் காணலாம். அது செதுக்கியதன்று, வரைந்ததுமன்று. பிடியினூடே செல்லும் ஆணியின் வெட்டுமுகமே அப்பூ.

அதன் அமைப்பு ஓர் எளிய கணக்கு. ஒரே பருமனுள்ள ஏழு கம்பிகளில், ஒன்றைச் சூழ ஆறு கம்பிகள் நெருங்கிப் பொருந்தும். கம்பியின் விட்டம் 2 மில்லிமீட்டர் எனில், குழாயின் உள்விட்டம் 6 மில்லிமீட்டருக்கு மயிரிழை கூடுதலாக இருந்தாற் போதும். நடுக்கம்பி செம்பு, சுற்றிலும் பித்தளை, இதழ்கள் தோன்றிவிடும். சந்துகளில் கருநிறம் கலந்த எபாக்சி பசையை நிரப்பி இறுகவிடுவர். பிறகு குழாயை எவ்விடத்தில் குறுக்கே அறுத்தாலும் அதே பூ மலரும்.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. சாதாரணத் தறையாணியைச் சுத்தியால் தட்டி இறுக்கலாம். இதனைத் தட்டினால் கோலம் சிதையும். ஆகவே இது பசையின் பிடிப்பையே நம்பி நிற்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருப்பின் பசை பற்றாது; வேகமாகச் சாணை பிடித்தால் சூட்டில் இளகும். பிடி தளர்ந்த கத்தி, பிடித்தவர் கையையே வெட்டுமன்றோ? அதனால் கைவினைஞர் ஆணியின் புறத்தைச் சொரசொரப்பாக்கி, பிசுக்கு நீக்கி ஒட்டுவர். ஒட்டியபின் சூடேறாதபடி ஆறவிட்டு மெல்லத் தேய்ப்பர்.

குழாயினுள் தங்கிய காற்றுக்குமிழி, அறுக்கும்போது பள்ளமாய் வெளிப்படக்கூடும். உள்ளே ஒழுங்கு இருந்தாலன்றி வெளியே அழகு இல்லை.