நாகரிகத்துக்கு ஆன செலவு 4,420 ரூபாய்!

வீட்டில் கல்லூரிக்குப் போகும் மகளோ மகனோ இருந்தால், காலை ஏழு மணிக்கு ஒரு சிறிய சண்டை நிச்சயம் உண்டு. மும்பைத் தமிழர் வீடுகளும் இதற்கு விலக்கல்ல. "இது என்ன கோலம்?" என்பார் அப்பா. "எல்லாரும் இப்படித்தான் வர்றாங்க" என்பாள் மகள். சோற்று டப்பாவை நீட்டிக்கொண்டே அம்மா இருவருக்கும் நடுவில் நிற்பாள். ரயிலுக்கு நேரமாகிவிடும். சண்டை பாதியில் நின்று, மறுநாள் காலை மறுபடி தொடரும்.

இந்தச் சண்டையில் உண்மையில் யார் பக்கம் நியாயம்? பிள்ளைகள் பணத்தை வாரி இறைக்கிறார்களா? நாகரிகம் என்று எதைத்தான் சொல்கிறார்கள்? இதைத் தெரிந்துகொள்ள ஒரு மாணவியைச் சந்தித்தோம். தாராவியில் இருந்து தினமும் தென் மும்பைக் கல்லூரிக்குப் போய் வருபவள். பி.காம். இரண்டாம் ஆண்டை 2025 ஏப்ரலில் முடித்தவள். பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. அப்பா தோல் பை செய்யும் பட்டறையில் தோல் வெட்டுபவர். "பெயர் மட்டும் போடாதீங்க" என்ற நிபந்தனையோடு, அவள் நம் முன் ஒரு நோட்டை எடுத்து வைத்தாள். 2024 ஜூன் முதல் உடைக்கும் ஒப்பனைக்கும் ஆன ஒவ்வொரு ரூபாயும் அதில் இருந்தது. படிப்பது பி.காம். அல்லவா!

மழையோடு பிறக்கும் ஆண்டு

மும்பைக் கல்லூரி மாணவர்களுக்கு ஆண்டு பிறப்பது ஜூன் மாதத்தில். கூடவே மழையும் பிறக்கும். எனவே நாகரிகத்தின் முதல் விதியை எழுதுவது தையற்காரர் அல்ல, வானம்தான். கனமான ஜீன்ஸ் துணி நனைந்தால் ஒரே அறை வீட்டில் காய இரண்டு மூன்று நாள் ஆகும். காயாததை உடுத்தினால் வாடை வரும். ஆகவே மெல்லிய துணியில் தொளதொள கால்சட்டை இரண்டு, மேலே போட மூன்று 'டாப்', ரப்பர் செருப்பு, குடை.

வாங்கிய இடம் ஆசாத் மைதானத்தின் பக்கம், மகாத்மா காந்தி சாலை ஓரத்து 'ஃபேஷன் ஸ்ட்ரீட்'. சத்திரபதி சிவாஜி நிலையத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியவை, பட்டன் ஒன்று தவறியதால் கழித்துக் கட்டப்பட்டவை என்று வரிசை வரிசையாகத் தொங்கும்.

"ஐந்நூறு என்பான். நாம் இருநூறு என்று சொல்லிவிட்டு நடக்க வேண்டும். பத்து அடி போவதற்குள் கூப்பிட்டால் சரக்கு நமக்கு. கூப்பிடவில்லை என்றால் நாம் கேட்டது அநியாயம் என்று அர்த்தம்" என்று வியாபார ரகசியத்தைச் சொன்னாள்.

ஜூன் மாதச் செலவு 1,750 ரூபாய். ஆண்டின் பெரிய செலவே இதுதான்.

தாத்தாவின் பெல்பாட்டம்

கடந்த ஆண்டின் ராஜா தொளதொள கால்சட்டைதான். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை காலோடு ஒட்டிய ஜீன்ஸ் போட்டவர்கள், இப்போது இரண்டு கால் நுழையும் அளவுக்கு ஒரு காலை வைத்துத் தைத்துப் போடுகிறார்கள். முதல் நாள் அதைப் பார்த்த அப்பா, "ஏட்டி, இது யாரு பேண்டு? அண்ணன் பேண்டை எடுத்து மாட்டிக்கிட்டியா?" என்று சத்தம் போட்டார்.

மூலையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆச்சி சும்மா இருக்கவில்லை. "ஏல, அவளை ஏன் வையுத? உங்க அப்பா பெல்பாட்டம் போட்டுக்கிட்டுத் தெருவையே கூட்டிப் பெருக்கினாரே, அதை மறந்துட்டியா?" என்றாள். பெட்டியில் இருந்து பழைய புகைப்படம் ஒன்று வெளியே வந்தது. 1970களில் எடுத்தது. தாத்தா பெல்பாட்டமும் காதை மூடிய முடியுமாக நிற்கிறார். அன்றோடு அந்தச் சண்டை தீர்ந்தது.

ஜூலையில் ஆங்கில எழுத்து அச்சடித்த துணிப்பை ஒன்று, 150 ரூபாய். இந்தப் பையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்பது நாள், ஒன்பது நிறம்

செப்டம்பரில் விநாயகர் சதுர்த்தி. அதற்கு 450 ரூபாயில் ஒரு குர்த்தி. அக்டோபரில் நவராத்திரி. மும்பையில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு இந்த ஒன்பது நாளும் ஒன்பது நிறம் என்பது நம் வாசகர்களுக்குத் தெரிந்ததே. பெரும்பாலும் கிழமைக்கு ஒரு நிறம். 2024இல் அக்டோபர் 3, வியாழக்கிழமை தொடங்கியதால் முதல் நாள் மஞ்சள். பிறகு பச்சை, சாம்பல், ஆரஞ்சு, வெள்ளை, சிவப்பு, நீலம், ரோஜா நிறம், ஊதா. மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் ஏறினால் அதிகாரியும் எழுத்தரும் மீன் விற்பவளும் ஒரே நிறத்தில் இருப்பார்கள். மராத்தி நாளேடு ஒன்று ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பு பரப்பிய வழக்கம், இன்று ஒரு சடங்காகவே ஆகிவிட்டது.

ஒன்பது நிறத்துக்கு ஒன்பது உடை வாங்க முடியுமா? சந்தில் உள்ள நான்கு வீட்டுப் பெண்கள் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். யார் வீட்டில் எந்த நிறம் இருக்கிறதோ அது அன்றைக்குத் தேவைப்படுபவளுக்கு. மறுநாள் துவைத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சாம்பல் நிறம் மட்டும் யாரிடமும் இல்லை. அண்ணனின் பழைய சாம்பல் நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனாள். பெரிய சட்டை போடுவதுதான் அந்த ஆண்டு நாகரிகம் என்பதால் யாரும் சிரிக்கவில்லை. "எங்கே வாங்கினாய்?" என்று கேட்டார்களாம்!

நவராத்திரிச் செலவு, ரோஜா நிறத் துப்பட்டா ஒன்றுக்கு 120 ரூபாய்.

மாற்றிக்கொண்ட சேலைகள்

தீபாவளிக்கு அப்பா எடுத்துக் கொடுத்தார். தாதரில் துணி 800, தாராவியில் தையற்கூலி 350. ஆக 1,150 ரூபாய். நோட்டில் அப்பாவின் பணம் என்று குறித்திருப்பது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் மாலையில் இரண்டு சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து அவளே சம்பாதித்தது.

டிசம்பரில் கல்லூரியில் பாரம்பரிய உடை நாள். தோழிகள் எல்லாரும் மராத்தியப் பெண்கள் கட்டும் ஒன்பது கெஜச் சேலை என்று முடிவு செய்தார்கள். வாடகைக்கு எடுத்தால் ஐந்நூறு ரூபாய் ஆகும். பக்கத்து வீட்டு மராத்தி மாமி தன் பச்சைச் சேலையைக் கொடுத்து, கட்டியும் விட்டாள். அந்த மாமியின் மகள் படிக்கும் கல்லூரியிலும் அதே வாரத்தில் இதே போன்ற விழா. அவள் கட்டிக்கொண்டு போனது நம் பெண்ணின் அம்மா வைத்திருந்த மதுரைச் சுங்குடிச் சேலை! ஆளுக்கு ஒரு முழம் பூ. நம் பெண்ணின் பங்கு 40 ரூபாய்.

அதே மாதக் கடைசியில் பவாயில் ஐ.ஐ.டி. மாணவர்கள் நடத்தும் 'மூட் இண்டிகோ' விழா. 1971 முதல் நடந்து வருவது. நாட்டின் பல ஊர்களில் இருந்தும் மாணவர்கள் வந்து கூடும் இடம். கஞ்சூர் மார்க்கில் இறங்கிப் போனாள். அதற்காக வெள்ளைக் கான்வாஸ் ஷூ 600, வெள்ளி போல் மின்னும் ஜிமிக்கி 100.

2025 ஜனவரியில் நவி மும்பை மைதானத்தில் 'கோல்ட்பிளே' என்ற ஆங்கில இசைக்குழு மூன்று நாள் பாடியது. டிக்கெட் 2,500 ரூபாயில் தொடங்கி 35,000 வரை. தோழிகள் இருவர் போனார்கள். இவள் போகவில்லை. ஜனவரி 26 அன்று அகமதாபாத்தில் அதே குழு பாடியதை நேரலையாகக் காட்டியபோது செல்போனில் பார்த்தாள். "பாட்டு ஒன்றுதானே" என்று சொன்னாள். சொல்லும்போது முகம் கொஞ்சம் வாடத்தான் செய்தது.

'எங்கே குடியிருக்கிறாய்?'

இதுவரை சொன்னது செலவுக் கணக்கு. நோட்டில் எழுதாத கணக்கு ஒன்றும் உண்டு.

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில் தோழிகள், "எங்கே குடியிருக்கிறாய்?" என்று கேட்டபோது, அவள் "சயான்" என்று சொல்லிவிட்டாள். ரயில் ஏறுவது சயானில்தானே, அது பொய்யும் அல்ல. ஆனால் உண்மையும் அல்ல. அந்த ஒரு சொல்லைக் காப்பாற்ற ஒன்றரை ஆண்டு பாடுபட்டாள். தோல் பைகளுக்கு நடுவே வளர்ந்தவள் 150 ரூபாய்த் துணிப்பை வாங்கியது அதனால்தான். தோல் பை கொண்டு போனால் எங்கே வாங்கியது, யார் செய்தது என்ற பேச்சு வருமே! பொங்கல் அன்று தொண்ணூறு அடிச் சாலையில் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கியபோது எடுத்த படத்தைத் தோழிகளுக்குக் காட்டினாள். "சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன்" என்றாள்.

"நல்ல உடை போட்டதே அதற்காகத்தான். பார்த்தால் தாராவி என்று தெரியக் கூடாது" என்று வெளிப்படையாகவே சொன்னாள்.

பிப்ரவரியில் ஒருநாள். தோழி ஒருத்தி புதிய தோல் பையோடு வந்தாள். வகுப்பே கூடி நின்று பார்த்தது. "தாராவியில் வாங்கினேன். பெரிய கடையில் இதே பை மூன்று மடங்கு விலை" என்று அவள் பெருமையோடு சொன்னாள். நம் பெண் பையைக் கையில் வாங்கிப் பார்த்தாள். கைப்பிடி சேரும் இடத்தில் ஒரு வளைவு. அப்பா வீட்டில் உட்கார்ந்து அட்டையில் அளவு வெட்டும்போது ஆயிரம் முறை பார்த்த வளைவு அது.

அன்று பேசவில்லை. இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் சொல்லிவிட்டாள்: "நான் இருப்பது தாராவியில். அந்தப் பைக்குத் தோல் வெட்டியது என் அப்பாவாக இருக்கலாம்."

வானம் இடிந்து விழவில்லை. "முன்பே ஏன் சொல்லவில்லை? கடையைக் காட்டு" என்றார்கள். ஒருத்தி மட்டும் அதன் பிறகு கொஞ்சம் விலகிப் போனாள். "போகட்டும்" என்கிறாள் இவள்.

அப்பா சொன்ன பதில்

தாராவித் தோல் தொழிலில் தமிழர்களின் பங்கு நேற்று வந்தது அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தமிழ்நாட்டில் இருந்து வந்து தோல் பதனிட்டவர்கள் நம்மவர்கள். பாந்த்ராவில் இருந்த இறைச்சிக் கூடம் 1970களின் தொடக்கத்தில் தேவனாருக்குப் போன பிறகு, பதனிடும் கூடங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. இன்று சென்னை, கான்பூர், கல்கத்தாவில் இருந்து பதனிட்ட தோல் வருகிறது. தாராவியில் வெட்டி, தைத்து, பையாக்கி அனுப்புகிறார்கள். பல பைகள் வேறு யார் பெயரையோ தாங்கி நாட்டின் கடைகளுக்குப் போகின்றன.

மார்ச் மாதம் தோழிகள் மூவரை அழைத்துக்கொண்டு வந்தாள். கடைகளைக் காட்டினாள். பிறகு அப்பாவின் பட்டறைக்கும் கூட்டிப் போனாள். அப்பா பதறிப் போய்ச் சட்டையைத் தேடி மாட்டினாராம். அவர்கள் போன பிறகு, சயான் என்று சொல்லி வந்ததை அப்பாவிடம் ஒப்புக்கொண்டாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள்.

அவர் சொன்னது இது: "நானும் ஊருக்குப் போனா பம்பாய்னுதான் சொல்லுவேன். ஒருநாளும் தாராவின்னு சொன்னதில்ல."

பெற்றோர்களே, பிள்ளைகளின் உடையைப் பார்த்து ஆத்திரப்படும் முன் கொஞ்சம் யோசியுங்கள். அந்த உடைக்குள் ஆசை மட்டும் இல்லை, அச்சமும் இருக்கிறது. நாலு பேர் நடுவில் நாம் தாழ்ந்துவிடக் கூடாதே என்ற அச்சம். அது நாம் கொடுத்த சொத்துதான். ஊருக்குப் போகும்போது கடன் வாங்கியாவது புதுச் சட்டை போட்டுக்கொண்டு ரயில் ஏறியவர்கள்தானே நாம்! செலவைக் கண்டிக்கலாம், கணக்கு எழுதப் பழக்கலாம். கூடவே, நாம் செய்யும் தொழிலையும் குடியிருக்கும் இடத்தையும் தலை நிமிர்ந்து சொல்லவும் பழக்க வேண்டும். அதற்கு முதலில் நாம் சொல்லிப் பழக வேண்டும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தோம். ஆண்டு முழுவதும் ஆன மொத்தச் செலவு 4,420 ரூபாய். மாதத்துக்கு 370 ரூபாய்கூட ஆகவில்லை. கடைசியாக எழுதியிருப்பது ஏப்ரல் மாதச் செலவு. துண்டுத் தோல்களைச் சேர்த்து அப்பா அவளுக்குச் செய்து கொடுத்த பை. முப்பது ஆண்டுகளாகத் தோல் வெட்டும் அவர், தம் வீட்டுக்கென்று செய்த முதல் பை அது. ஜிப்பும் கொக்கியும் 60 ரூபாய் என்று எழுதியிருக்கிறாள். அதற்குக் கீழே 'கூலி' என்று எழுதி, எதிரே ஒன்றும் போடவில்லை.

"ஏன் காலியாக இருக்கிறது?" என்று கேட்டோம்.

"எவ்வளவு போடுவது என்று தெரியவில்லை" என்றாள்.